வேலை நீக்கும் உரிமை: அமெரிக்கப் புகையிரதத் தொழிலாளர் வழக்குகள் சில

எல்லாளன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்று தொங்கியதென்றும், குறையுடையார் எவரும் அதன் கயிற்றை இழுத்து முறையிடலாம் என்றும் மகாவம்சம் கூறும். மன்னராட்சி நீங்கிச் சட்டத்தின் ஆட்சி நிலைபெற்ற நாடுகளில் அம்மணியின் இடத்தை நீதிமன்றம் பெற்றது. ஆயினும் எல்லா முறையீடுகளுக்கும் அதன் கதவு திறந்திருந்ததெனக் கூறவியலாது. வேலையினின்றும் விலக்கப்பட்ட தொழிலாளி, "என்னை ஏன் விலக்கினீர்?" எனக் கேட்பது நெடுங்காலமாகச் சட்டத்தின் செவியில் ஒரு வினாவாகவே விழவில்லை. அவ்வினா எவ்வாறு வினாவாயிற்று என்பதை ஐக்கிய அமெரிக்காவின் புகையிரதத் தொழிலாளர் வழக்குகள் போலத் தெளிவாகக் காட்டுவன மிகச் சில.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெருந்தொழில் புகையிரதமே. கம்பனிகள் பல மாநிலங்களை ஊடறுத்துப் பாதையமைத்தன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருந்தது. அக்காலத்து அமெரிக்க நீதிமன்றங்கள் வேலை ஒப்பந்தம் பற்றிக் கொண்ட கொள்கை மிக எளிது. கால எல்லை குறிக்கப்படாத வேலையை இரு திறத்தாரும் விரும்பியபோது முடித்துக்கொள்ளலாம் என்பதே அது. ஹொரஸ் வூட் என்னும் சட்ட நூலாசிரியர் 1877இல் வெளியிட்ட நூலில் இதனை விதியாக வகுத்தார். நீதிமன்றங்களும் அதனை விரைந்து ஏற்றன. 1884இல் தென்னசி மாநில உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்று இக்கொள்கை எத்துணைத் தூரம் செல்லும் என்பதைக் காட்டிற்று. குறித்த வணிகர் ஒருவரின் கடையிற் பொருள் வாங்கும் தொழிலாளர் வேலையிழப்பர் எனப் புகையிரதக் கம்பனியொன்று அறிவித்தது. வணிகர் வழக்குத் தொடுத்துத் தோற்றார். நல்ல காரணத்துக்காகவோ, காரணம் எதுவுமின்றியோ, அறத்துக்கு மாறான காரணத்துக்காகவோகூட வேலைகொள்வோர் தம் ஆட்களை விலக்கலாம்; அதனாற் சட்டத்தை மீறியவராகார் என்பது அத்தீர்ப்பின் கருத்தாகும்.

இக்கொள்கையால் மிக வருந்தியவர்களுள் 'பயர்மன்' எனப்படும் தொழிலாளரும் ஒருவகையினர். எஞ்சின் உலையிற் கரி அள்ளிப்போட்டு, நீரின் அளவும் நீராவியின் அழுத்தமும் குறையாமற் காப்பது இவர்தம் தொழில். கொதிகலன் வெடிப்பு, வண்டி மோதல், கொதிநீர்ப் புண் என்பன இவர்களுக்கு அன்றாட அச்சங்கள். இத்தகையோரின் உயிருக்குக் காப்புறுதி வழங்கச் சாதாரணக் கம்பனிகள் தயங்கின. ஆதலால் 1873இல் நியூயோர்க் மாநிலத்துப் போர்ட் ஜேர்விஸ் என்னும் ஊரிற் பயர்மன்மார் தமக்கெனச் சகோதர சங்கமொன்றை நிறுவினர். இறந்தோர் குடும்பத்துக்கும் அங்கமிழந்தோருக்கும் உதவுவது அதன் முதல் நோக்கம். சம்பளத்துக்காகப் போராடுதல் பின்னர் வந்ததாகும். எனவே, "சங்கத்தை விட்டு விலகு; இல்லையேல் வேலையை விட்டு விலகு" எனக் கம்பனி கூறியபோது, தொழிலாளி இழக்க நேர்ந்தது வெறும் உறுப்பினர் அட்டையை அன்று; தன் மனைவி மக்களுக்கென மாதந்தோறும் கட்டிவந்த காப்பினையுமாம்.

தனியொருவரின் வேலை நீக்கம் எவ்வாறு நாட்டின் பிரச்சினையாக மாறக்கூடும் என்பதை 1894ஆம் ஆண்டு உணர்த்திற்று. சிக்காகோவுக்கு அண்மையிற் புல்மன் கம்பனி புகையிரதப் பெட்டிகளைக் கட்டிற்று. தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் கம்பனிக்கே உரியன. 1893இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது கம்பனி சம்பளத்தை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்தது. வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. முறையிடச் சென்ற குழுவினருள் மூவர் சிலநாளில் வேலையினின்றும் நிறுத்தப்பட்டனர். வேலை இல்லாமையே காரணம் எனக் கம்பனி கூறிற்று. தொழிலாளர் அதனை நம்பவில்லை. 1894 மே 11இல் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. யூஜின் டெப்ஸ் தலைமை தாங்கிய அமெரிக்கப் புகையிரதச் சங்கம் ஜூன் இறுதியிற் புல்மன் பெட்டிகள் இணைத்த வண்டிகளை ஓட்ட மறுத்தது. நாட்டின் மேற்குப் பகுதிப் போக்குவரத்து நிலைகுலைந்தது. சட்டத்துறை நாயகமாக இருந்த ரிச்சர்ட் ஒல்னி நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றார். சனாதிபதி கிளீவ்லாந்து படைகளை அனுப்பினார். சங்கம் சிதைந்தது, டெப்ஸ் சிறை சென்றார். வேலைநிறுத்தத்திற் பங்குகொண்ட பலரின் பெயர்கள் கம்பனிகளுக்கிடையே சுற்றிவந்த கறுப்புப் பட்டியல்களில் ஏறின. ஒரு பாதையில் விலக்கப்பட்டவன் வேறொரு பாதையிலும் வேலை பெறான் என்பதே அப்பட்டியலின் பொருள்.

தொழிலாளர் ஒற்றுமைக்காகத் தொடங்கப்பட்ட டெப்ஸின் சங்கம் வெள்ளையரை மட்டுமே உறுப்பினராக ஏற்றது என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. டெப்ஸ் அவ்விதியை எதிர்த்தார். ஆயினும் 1894ஆம் ஆண்டு மாநாடு அதனை நீக்க மறுத்தது. இக்குறை பின்னர் மீண்டும் தலைகாட்டுதலைக் காண்போம்.

கலகம் அடங்கியபின் சனாதிபதி நியமித்த ஆணைக்குழு காரணங்களை ஆராய்ந்தது. சங்கத்திற் சேரக்கூடாதென்று தொழிலாளரிடம் வாக்குறுதி பெறுவதைச் சட்டவிரோதமாக்க வேண்டும் என அது பரிந்துரைத்தது. படைபலத்தால் அடக்கிய அமைதி நிலைக்காது என்பதைக் காங்கிரஸ் மன்றமும் உணர்ந்தது. இவ்வுணர்வின் பயனே 1898 ஜூன் 1இல் நிறைவேறிய ஏர்ட்மன் சட்டமாகும். புகையிரதப் பிணக்குகளைச் சமரசத்தாலும் நடுத்தீர்ப்பாலும் தீர்க்க அது வழிவகுத்தது. நடுவர் முன் தொழிலாளர் சார்பிற் பேசச் சங்கம் வேண்டும்; சங்கம் வாழ அதன் உறுப்பினர் வேலையில் நிலைக்க வேண்டும். ஆதலின், சங்கத்தில் உறுப்பினராயிருத்தலைக் காரணமாகக் கொண்டு ஒருவரை விலக்குவதையும், விலக்குவதாக அச்சுறுத்துவதையும், கறுப்புப் பட்டியலிடுவதையும் அதன் 10ஆம் பிரிவு குற்றமாக்கிற்று. அக்குற்றத்துக்கு 100 டொலர் முதல் 1,000 டொலர் வரை குற்றப்பணம் விதிக்கப்பட்டது.

இப்பிரிவின் வலிமை சில ஆண்டுகளிற் சோதனைக்குள்ளாயிற்று. கென்டக்கி மாநிலத்தில் லூயிவில்–நாஷ்வில் புகையிரதக் கம்பனியிற் கொப்பேஜ் என்பவர் பயர்மனாக வேலைசெய்தார். பயர்மன்மார் சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தார். 1906 ஒக்டோபர் 15இல் அக்கம்பனியின் எஞ்சின் பகுதித் தலைவரான வில்லியம் அடேர் அவரை விலக்கினார். சங்க உறுப்புரிமையே காரணம் என்று குற்றஞ்சாட்டி, ஐக்கிய அமெரிக்க அரசு அடேரை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுத்திற்று. யூரிமார் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். 100 டொலர் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. ஒன்றை இங்கு மறத்தலாகாது. அத்தண்டனை நிலைத்திருப்பினும், கொப்பேஜுக்கு அவ்வேலையை மீட்டுக்கொடுக்கும் அதிகாரம் அச்சட்டத்தில் இல்லை. விலக்கியவரைத் தண்டிக்க வழியிருந்தது. விலக்கப்பட்டவரை மீளச் சேர்க்க வழியிருக்கவில்லை.

அச்சிறு நீதியுங்கூட நிலைக்கவில்லை. அடேரின் மேன்முறையீட்டை விசாரித்த ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1908 ஜனவரி 27இல், 10ஆம் பிரிவு அரசியல் யாப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையோர் சார்பில் நீதியரசர் ஜோன் மார்ஷல் ஹார்லன் தீர்ப்பெழுதினார். அவர் காட்டிய நியாயங்கள் இரண்டு. முதலாவது, ஒப்பந்தஞ் செய்யும் சுதந்திரம் ஐந்தாம் திருத்தத்தாற் காக்கப்படுவது. தொழிலாளி விரும்பியபோது வேலையை விட்டுச் செல்லலாம். அங்ஙனமே கம்பனியும் விரும்பியபோது அவனை விலக்கலாம். இருவர் உரிமையும் சமமானவை. அச்சமத்துவத்தைக் குலைக்கும் சட்டம் செல்லாது. இரண்டாவது, மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தவே காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு; ஒருவன் சங்கத்தில் உறுப்பினனாயிருப்பதற்கும் அவ்வணிகத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இத்தீர்ப்பை எழுதியவர் ஹார்லன் என்பது வியப்புக்குரியது. 1896இற் புகையிரதப் பெட்டிகளில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைக்கும் லூசியானாச் சட்டத்தை மன்றம் ஏற்றபோது, தன்னந்தனியே மறுத்துத் தீர்ப்பெழுதியவர் அவர். 1905இற் பேக்கரித் தொழிலாளரின் வேலைநேரத்தை வரையறுத்த நியூயோர்க் சட்டத்தை மன்றம் தள்ளியபோதும் அவர் மறுத்தோர் பக்கமே நின்றார். அத்தகையவரே, ஒரு கூலியாளையும் ஒரு பெருங்கம்பனியையும் சமமான இருவராகக் கண்டார். ஏட்டிற் சமத்துவம் எத்துணை வலிய திரையென்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஒரு பயர்மன் வேலையை விட்டால் கம்பனி மறுநாளே வேறொருவரைப் பெறும். கம்பனி அவரை விட்டாலோ அவர் குடும்பத்தின் அடுப்பு அணையும். இரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள் என்பது சொல்லளவில் உண்மை; வாழ்வளவில் அன்று.

நீதியரசர்கள் மக்கென்னாவும் ஹோம்ஸும் தனித்தனியே மறுப்பெழுதினர். சமரசத்தால் அமைதி காண முயலும் ஒரு முழுத் திட்டத்தின் உறுப்பே 10ஆம் பிரிவு. அதனைத் தனியே பிரித்துப் பார்ப்பது தவறு என்றார் மக்கென்னா. ஒப்பந்தச் சுதந்திரம் என்னும் சொல் அதன் எல்லையைக் கடந்து நீட்டப்பட்டுவிட்டது. வேலைநிறுத்தத்தைத் தவிர்ப்பதற்காக அச்சுதந்திரத்தைச் சிறிது குறுக்குவது காங்கிரஸின் அதிகாரத்துக்குட்பட்டதே என்றார் ஹோம்ஸ். நீதிமன்றத்துக்கு வெளியிலும் கண்டனம் எழுந்தது. புல்மன் வேலைநிறுத்தத்தை முறியடித்த அதே ஒல்னி, 1908இல் இத்தீர்ப்பைக் குறைகூறிக் கட்டுரை எழுதினார். சட்ட அறிஞர் ரொஸ்கோ பவுண்ட் 1909இல், உலகியலை நோக்காது கற்பனைச் சமத்துவத்தை நீதிமன்றங்கள் பற்றிநிற்பது ஏன் என வினவி விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார்.

எனினும் ஏழாண்டுகளின் பின் அதே கொள்கை மேலும் இறுகிற்று. கன்சாஸ் மாநிலத்தில், வண்டிகளைப் பாதைமாற்றி இணைக்கும் தொழிலாளி ஒருவரிடம், சங்கத்தினின்றும் விலகுவதாகக் கையெழுத்திடும்படி புகையிரத மேற்பார்வையாளர் ஒருவர் கேட்டார். விலகினால் 1,500 டொலர் பெறுமதியான காப்பினை இழக்க நேரும் என்ற அத்தொழிலாளி, கையெழுத்திட மறுத்து வேலையிழந்தார். கன்சாஸ் மாநிலச் சட்டம் அதனைக் குற்றமென்றது. உயர் நீதிமன்றமோ 1915இல் அச்சட்டத்தையும் செல்லாதாக்கிற்று. இவ்வழக்கில் விலக்கிய மேற்பார்வையாளரின் பெயரும் கொப்பேஜ் என்பதே. முதல் வழக்கில் வேலையிழந்தவர் பெயர், இரண்டாம் வழக்கில் வேலை பறித்தவர் பெயராயிற்று. சட்ட மாணவர் இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளாதிருத்தல் வேண்டும். இத்தகைய கையெழுத்தைப் பிற்காலத் தொழிலாளர் 'மஞ்சள் நாய் ஒப்பந்தம்' என இகழ்ந்தனர். அதற்கு மானமுள்ள எவனும் உடன்படான் என்பது கருத்து.

முதலாம் உலகப் போர் நிலைமையை மாற்றிற்று. 1917 இறுதியிற் புகையிரதங்களைத் தன் பொறுப்பில் எடுத்த அரசு, சங்க உறுப்புரிமை காரணமாக எவரையும் வேறுபடுத்தலாகாதென 1918இற் கட்டளையிட்டது. போர் முடிந்து கம்பனிகள் மீண்டும் உரிமையாளர் கைக்குச் சென்றபின் பழைய பகை திரும்பிற்று. 1922இல் ஏறத்தாழ நான்கு இலட்சம் பட்டறைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து தோற்றனர். இரு திறத்தாரும் களைத்த நிலையிற் பிறந்ததே 1926ஆம் ஆண்டுப் புகையிரதத் தொழிற் சட்டம். பேச்சுக்குரிய தம் பிரதிநிதிகளை ஒவ்வொரு திறத்தாரும் மறுதிறத்தாரின் தலையீடின்றித் தெரிவுசெய்யலாம் என்பது அதன் அடிப்படை.

டெக்சாஸ்–நியூ ஒர்லியன்ஸ் புகையிரதக் கம்பனி இவ்வடிப்படையை மீறிற்று. எழுதுவினைஞர் சங்கம் சம்பள உயர்வு கேட்டிருக்க, கம்பனி தனக்கு இசைந்த வேறொரு சங்கத்தைத் தோற்றுவித்து வளர்த்தது. உண்மைச் சங்கத்தாருட் சிலரை வேலையினின்றும் விலக்கிற்று. கம்பனிச் சங்கத்தைக் கைவிடும்படியும், விலக்கப்பட்டோரை மீளச் சேர்க்கும்படியும் மாவட்ட நீதிமன்றம் கட்டளையிட்டது. 1930 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அக்கட்டளையை உறுதிசெய்தது. தீர்ப்பெழுதிய பிரதம நீதியரசர் ஹியூஸ், அடேர் தீர்ப்பை நேரே தள்ளவில்லை. ஆட்களைச் சேர்க்கவும் விலக்கவும் கம்பனிக்குள்ள இயல்பான உரிமையில் இச்சட்டம் தலையிடவில்லை. தொழிலாளர் தம் பிரதிநிதியைத் தெரியும் உரிமையிற் கம்பனி தலையிடுவதையே தடுக்கிறது என்றார் அவர். நுண்ணிய வேறுபாடுதான், ஆயினும் அவ்விடைவெளியூடாகவே விலக்கப்பட்ட தொழிலாளி வேலைக்குத் திரும்பினான்.

அதன்பின் மாற்றம் விரைந்தது. 1934இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, சங்க உறுப்புரிமைக்கு எதிரான ஒப்பந்தங்கள் தடுக்கப்பட்டன. வேலை நீக்கம் முதலிய தனிப்பட்ட குறைகளைத் தீர்க்கச் சிக்காகோவில் தேசியச் சபையொன்று அமைந்தது. கம்பனிகள் சார்பில் 18 பேரும் தேசியச் சங்கங்கள் சார்பில் 18 பேருமாக 36 உறுப்பினர் அதில் இருந்தனர். கருத்து ஒவ்வாதவிடத்து நடுவர் ஒருவர் தீர்த்துவைப்பார். 1935இற் பிற தொழில்களுக்கும் இத்தகைய பாதுகாப்பு விரிந்தது. 1937இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. 1941இல் நீதியரசர் பிராங்க்பேட்டர், அடேர் தீர்ப்பும் கன்சாஸ் தீர்ப்பும் தம் வலிமையை முற்றிலும் இழந்துவிட்டன என எழுதினார். முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின் ஹோம்ஸின் மறுப்பு வென்றது எனலாம்.

வரலாறு இவ்விடத்தில் முடிந்திருப்பின், அது தொழிலாளர் வெற்றியின் கதையாக இருந்திருக்கும். ஆனால் அதே 1941இல், கொப்பேஜ் வேலையிழந்த அதே லூயிவில்–நாஷ்வில் கம்பனியில், வேறொரு பயர்மன் தன் வேலையை இழந்தார். பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்னும் அவர் கறுப்பினத்தவர். தென்மாநிலங்களிற் கரியள்ளும் இக்கடுந்தொழிலைக் கறுப்பினத்தார் நெடுங்காலமாகச் செய்துவந்தனர். பயர்மன்மாரின் சகோதர சங்கம் அவர்களை உறுப்பினராக ஏற்பதில்லை. ஆயினும் பெரும்பான்மையோரின் சங்கம் என்ற வகையில், அனைவர் சார்பிலும் பேசும் உரிமையைச் சட்டம் அதற்கே அளித்திருந்தது. அவ்வுரிமையைக் கொண்டு அச்சங்கம் 1941 பெப்ரவரியிற் கம்பனிகளுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. எப்பகுதியிலும் கறுப்பினப் பயர்மன்மார் பாதிக்குமேல் இருத்தலாகாது என்பது அதன் சாரம். பயணிகள் வண்டிகளில் வேலைசெய்த ஸ்டீல் ஏப்ரலில் அவ்விடத்தை இழந்தார். பதினாறு நாள் வேலையின்றியிருந்து, பின்னர்க் கூடிய உழைப்பும் குறைந்த ஊதியமும் உள்ள வேலைக்குத் தள்ளப்பட்டார். அவரிடத்துக்கு வந்தோர் அவரினும் சேவைக்காலங் குறைந்த வெள்ளையர்.

ஸ்டீலுக்கு முறையிடும் இடம் யாது? கம்பனியோ உடன்படிக்கையைக் காட்டிற்று. உடன்படிக்கையைச் செய்த சங்கத்தில் அவருக்கு இடமில்லை. சிக்காகோச் சபையிலோ கம்பனிகளும் அச்சங்கங்களுமே வீற்றிருந்தன. அலபாமா மாநில உயர் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளிற்று. கறுப்பின வழக்கறிஞரான சார்ள்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன் அவருக்காக ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். 1944 டிசம்பர் 18இற் பிரதம நீதியரசர் ஸ்டோன் தீர்ப்பளித்தார். அனைவர் சார்பிலும் பேசும் அதிகாரத்தைச் சட்டத்தாற் பெற்ற சங்கம், தன் உறுப்பினர் அல்லாதாருக்கும் பகைமையின்றி நேர்மையாகப் பேசக் கடமைப்பட்டது. இனம் பற்றிய வேறுபாடு அக்கடமைக்கு மாறானது என்பது தீர்ப்பு. ஆயினும் உறுப்பினராக எவரைச் சேர்ப்பது என்பதைச் சங்கத்தின் விருப்புக்கே மன்றம் விட்டது. அக்கதவு திறக்க 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1906இல் தன் உறுப்பினனுக்காக நீதி வேண்டிநின்ற ஒரு தொழிலின் சங்கம், 1941இல் அதே தொழில் செய்த மற்றொருவனின் வேலையைப் பறிக்கத் துணைநின்றது என்பது வருந்தத்தக்கது. ஆயினும் இவ்விரு வழக்குகளையும் சேர்த்து நோக்குமிடத்தே அவற்றின் பொருள் விளங்கும். அடேர் வழக்கில், கம்பனியின் விருப்பமே காரணம். அதற்குமேற் கேள்வியில்லை என்றது நீதிமன்றம். ஸ்டீல் வழக்கில், பெரும்பான்மையின் விருப்பமும் போதிய காரணமன்று என்றது. அதிகாரம் முதலாளியிடம் இருப்பினும், சங்கத்திடம் இருப்பினும், அது பிறனொருவனின் பிழைப்பைத் தொடும்போது காரணங் காட்டக் கடமைப்பட்டது என்பதே இவ்வரலாறு முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஈட்டிய பாடம். மணி தொங்கினால் மட்டும் போதாது. கயிறு எவர் கைக்கும் எட்டும்படி இருத்தல் வேண்டும்.